மழைக் காலையில் திரும்ப எண்ணியது

என் வாழ்நாளில் நான் செய்த தவறுகள் பல. பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமலே போய்விட்டன. சில காலம் கடந்து தெரிந்து, தெரிந்தும் பயனில்லாமல் போயின. சரியான நேரத்தில் எனக்கே தெரிந்து, என் கையாலேயே திருத்த முடிந்த தவறு ஒன்றே ஒன்றுதான். அதை நினைத்தால் இன்றும் மனசு லேசாகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜொகூர் பக்கம், செடெனாக் ரயில் நிலையத்திலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றவன். கையெழுத்து நன்றாக இருக்கும். அதுதான் எனக்குச் சோறு போட்டது. விடியற்காலை வரிசையாக நிறுத்தி எண்ணும் பெரட்டில் நின்று, ஆட்கள் வந்ததையும் வராததையும் புத்தகத்தில் குறிப்பது என் வேலை. நாலு பேருக்கு முன் வாய் திறந்து பேச எனக்கு வராது. பெரட்டில்கூட ஆட்களை மேய்க்கும் மண்டோர்தான் உரக்கக் கூப்பிடுவார், நான் தலையைக் குனிந்தபடி புள்ளி வைப்பேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு திடல் இருந்தது. ஆட்கள் குடியிருந்த லயங்களுக்கும் ஓடைக்கும் நடுவே, மேடு பள்ளம் இல்லாத ஒரே இடம். தோட்டத்து இளவட்டங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. பட்டணத்துக்குப் போக ரயிலுக்குக் காசு வேண்டும். கள்ளுக்கடைக்குப் போனால் அப்பன் அங்கே உட்கார்ந்திருப்பான். ஆகவே பந்துதான். பந்து கிழிந்துபோனால் உள்ளே துணியை அடைத்துத் தைத்து ஆடுவார்கள்.

கித்தா விலை விழுந்து கிடந்து, மெல்லத் தலைதூக்கிக்கொண்டிருந்த சமயம் அது. பழைய மரங்களை அழித்துவிட்டு ஒட்டு மரம் நட வேண்டும் என்று துரைக்கு உத்தரவு வந்திருந்தது. அதற்கு நாற்றங்கால் போட, சமதரையாகவும் தண்ணீர் பக்கமாகவும் ஓர் இடம் தேவைப்பட்டது. அப்படிப்பட்ட இடம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

துரைக்குப் பந்தாட்டத்தில் பிரியம் உண்டு. அதனால் அவர் உடனே மண்வெட்டியை அனுப்பிவிடவில்லை. சுற்றுவட்டாரத்து ஐந்து தோட்டத் துரைமார்களும் கிளப்பில் கூடியபோது பேசி ஒரு முடிவுக்கு வந்தார்களாம். ஐந்து தோட்டத்துப் பையன்களையும் சேர்த்தால் பட்டணத்து இளைஞர் குழுவோடு நின்று ஆடக்கூடிய ஒரு குழு தேறுமா? தேறும் என்றால் எங்கள் திடல் ஐந்து தோட்டத்துக்கும் பொதுத் திடல். தேறாது என்றால் அது நாற்றங்கால்.

தேறுமா தேறாதா என்று பார்த்து எழுதித் தர ஓர் ஆள் வேண்டும். துரை என்னைக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் தெரியும். மரியாதைச் சொற்கள் மட்டும் தெரியாது.

"கிராணி, நீ சைக்கிள் வச்சிருக்கே. நீ நல்லா எழுதறே. நீ ரொம்பப் பேச மாட்டே. நீதான் சரியான ஆள். அஞ்சு தோட்டம் போ, பாரு, எழுது."

நான் பந்தைக் காலால் தொட்டதே இல்லை என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, "சரிங்க தொர" என்பதுதான்.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்துவிட்டாள்.

"நீங்களா? தெருவுல பந்து உருண்டு வந்தா ஒதுங்கி நின்னு அதுக்கு வழி விடற ஆளு நீங்க. உங்களப் போயா அனுப்பறாரு?"

உண்மைதான். ஆனாலும் எனக்குத் தெரிந்த ஒரு வேலை இருந்தது: கட்டம் போடுவது. புது நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு நான்கு கட்டம் என்று கோடு போட்டேன். ஓட்டம், உதை, மூச்சு, பந்து வரும்போது எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து நிற்கும் புத்தி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசர் பட்டணத்தில் ஆடினவர். அந்த நான்கையும் அவரிடம் கேட்டுத்தான் வைத்துக்கொண்டேன். பதினைந்து வயதிலிருந்து பத்தொன்பது வரை உள்ளவர்கள் மட்டும் கணக்கு.

மூன்று வாரம் சுற்றினேன். பெரட்டு, ஆபீஸ் வேலை எல்லாம் முடித்து நாலரை மணிக்குச் சைக்கிளை எடுப்பேன். ஐந்து மணிக்கு அந்தந்தத் தோட்டத்தில் பையன்கள் கூடுவார்கள். ஓரமாக ஒரு மரத்தடியில் நின்று பார்ப்பேன். நான் வந்திருப்பதைப் பார்த்தாலும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது எனக்கு வசதியாகவே இருந்தது.

பார்த்ததை எழுதினேன். "ஓட்டம் தளர்வு." "பத்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிறான்." "பந்து பக்கத்தில் வந்தும் கால் எழவில்லை." பக்கம் பக்கமாக இதே மாதிரிதான். நடுநடுவே சிலர் மட்டும் பளிச்சென்று தெரிந்தார்கள். மான் மாதிரி ஓடினார்கள். அரை மணி ஆனாலும் முகத்தில் வேர்வைதான் இருந்தது, களைப்பு இல்லை. அவர்கள் பெயருக்கு நேரே நான்கு கட்டத்திலும் சரி போட்டேன். ஐந்து தோட்டத்திலும் அப்படித் தேறியவர்கள் ஏழு பேர்.

எங்கள் தோட்டத்தில் பார்த்த அன்று, ஒரு நெட்டைப் பையன் இடது பக்கம் ஆடினான். பதினேழு வயதிருக்கும். காலில் ஏதோ கல் கட்டிவிட்ட மாதிரி நடந்தான். பந்து அவனைத் தாண்டிப் போனது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். அவனுடைய அம்மா, பாலுக்காகக் கித்தா மரத்தின் பட்டையைச் சீவும் வெட்டு வேலைக்காரர், குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் அவர் வாய்க்கு மண்டோரே பயப்படுவார்.

"என்னா கிராணியாரே, எம் மவன் பேர அடிச்சிட்டாப்ல இருக்கே?"

நான் நோட்டை மூடினேன்.

"பரவால்ல, அடிங்க. நானூறு மரத்த வெட்டிப்புட்டு, பால் வாளியக் காண்டாக் கம்புல தொங்கவிட்டுத் தோள்ல தூக்கிக்கிட்டு ஸ்டோர் வரைக்கும் ரெண்டு நட நடந்து பாருங்க. அப்பறம் பந்தப் பாத்தா பந்து ரெண்டாத் தெரியும்."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். என்னைக் கேலி செய்கிறார் என்று மட்டும்தான் எனக்குப் பட்டது. காது சூடாகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். விஷயத்தை முழுதாக என் கையில் எடுத்துக் கொடுத்திருந்தார். நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை அறிக்கையைத் துரையிடம் கொடுத்தேன். கடைசி வரியை நல்ல எழுத்தில் எழுதியிருந்தேன்: ஐந்து தோட்டத்திலும் சேர்த்து ஏழு பேர் மட்டுமே தேறுகிறார்கள், ஒரு குழுவுக்குப் போதாது.

துரை படித்தார். ஜன்னல் வழியாகத் திடலைப் பார்த்தார். "பாவம். நல்ல தரை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாளை மேசைக்குள் வைத்தார். மழை குறைந்ததும் நாற்றங்கால் வேலை தொடங்கும் என்று மண்டோருக்கு உத்தரவு போயிற்று.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை விடியற்காலை மழை கொட்டியது. ஆண்டுக் கடைசியில் எங்கள் பக்கம் அப்படித்தான். பெரட்டுக்கு ஆட்கள் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். மழை சற்று விட்டதும் மண்டோர் முதல் மரத்துக்குப் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பட்டை நனைந்திருந்தால் வெட்டக்கூடாது. பால், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் விழாமல் பட்டை எல்லாம் வழிந்து போகும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"இன்னிக்கி வெட்டு இல்ல. எல்லாரும் வூட்டுக்குப் போலாம்."

எல்லாரும் வீட்டுக்குப் போகவில்லை. மண்டோர் சொல்லி முடிக்கவில்லை, ஒரு கூட்டம் ஓட்டமெடுத்தது. வெட்டுக்கத்தியைக் கூட வீட்டில் வைக்காமல், திடல் ஓரத்து மரத்தில் குத்திவிட்டு இறங்கினார்கள். நான் புத்தகத்தில் "மழை, வேலை இல்லை" என்று எழுதிவிட்டு ஆபீசுக்கு நடந்தேன். திடல் பக்கமிருந்து வந்த இரைச்சல் என்னை நிறுத்தியது. சாயங்காலங்களில் அந்தத் திடலில் அப்படி ஓர் இரைச்சலை நான் கேட்டதில்லை. குடையோடு போய் நின்றேன்.

அந்த நெட்டைப் பையன் ஓடிக்கொண்டிருந்தான். காலில் கல் எதுவும் இல்லை. சேற்றில் பந்து நின்று நின்று உருண்டது; அது எங்கே நிற்கும் என்று தெரிந்தவன் போல அதற்கு முன்னாலேயே அங்கே இருந்தான். மூன்று பேரைத் தாண்டிப் போனான். நான்காமவன் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே கத்தினான்.

"டேய், நீ வெட்டுல இப்படி ஓடுனா தொர உனக்குச் செலையே வப்பாருடா!"

"வெட்டுல ஓடறதுக்கு ஒங்கப்பனக் கூப்புடு!"

நான் ஒரு மணி நேரம் நின்றேன். யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. நான் கோடு போட்டு அடித்த முகங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலை மடக்கி எண்ணினேன். எங்கள் தோட்டத்தில் மட்டும் எட்டுப் பேர்.

அப்போதுதான் குழாயடியில் கேட்டது காதுக்குள் திரும்ப ஒலித்தது. நான் தேர்ந்தெடுத்த அந்த ஏழு பேர் யார் யார் என்று நினைத்துப் பார்த்தேன். பெரிய கிராணியின் மகன். டிரெசரின் தம்பி. பக்கத்துத் தோட்டத்துக் கடைக்காரர் மகன். மற்ற நான்கு பேரும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போகிறவர்கள் அல்லது கடையில் உட்கார்ந்திருப்பவர்கள். மரம் வெட்டுகிறவன் ஒருவன்கூட அதில் இல்லை. ஐந்து மணிக்கு யார் களைப்பில்லாமல் வந்தார்களோ அவர்களையே நல்ல ஆட்டக்காரர்கள் என்று எழுதியிருந்தேன். இவர்கள் விடியற்காலை பெரட்டுக்கு வந்ததைப் புள்ளி வைத்துக் குறித்தவனும் நான்தான். அதே பென்சிலால் சாயங்காலம் "ஓட்டம் தளர்வு" என்று எழுதியவனும் நான்தான். வெளியிலிருந்து வந்த ஒருவன் இந்தத் தவறைச் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

துரையிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஆபீஸ் வாசல்வரை போனேன். உள்ளே அவர் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. துரைக்கு முன் நின்று "நான் எழுதியது தப்பு" என்று சொல்வதைவிட, கொட்டும் மழையில் சைக்கிள் மிதிப்பது எனக்குச் சுலபமாகப் பட்டது. மழை மூன்று நாள் விடவில்லை. ஆபீஸ் வேலையைப் பெரிய கிராணியிடம் கெஞ்சி ஒப்படைத்துவிட்டு, காலையிலேயே மற்ற நான்கு தோட்டங்களுக்கும் போனேன். செம்மண் சாலையில் சக்கரம் சுற்றாது. பாதித் தூரம் சைக்கிளை நான் தூக்கிக்கொண்டு போனேன். எங்கே போனாலும் அதே காட்சி. வெட்டு இல்லாத காலையில் பையன்கள் சேற்றில் பறந்தார்கள். நோட்டு நனையாமலிருக்கச் சட்டைக்குள் வைத்து, மரத்தடியில் குனிந்து நின்று எழுதினேன். ஐந்து தோட்டத்திலும் சேர்த்து இருபத்தாறு பேர். ஒரு குழு இல்லை; இரண்டு குழு, அதற்கு மேலும் நான்கு பேர்.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. பெரட்டு முடிந்து திரும்பும்போது திடலில் மண்டோர் கம்பு அடித்துக்கொண்டிருந்தார். நாற்றங்கால் பாத்திக்கு அளவு. கோல் கம்பங்களுக்கு நடுவே வரிசையாகக் கம்புகள். நெட்டைப் பையன் தோளில் காண்டாக் கம்போடு வேலைக்குப் போகிற வழியில் நின்று அதைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். பிறகு நடந்தான்.

அன்றைக்கு ஆபீஸ் வாசலில் நான் நிற்கவில்லை. நின்றால் திரும்பிவிடுவேன் என்று தெரியும். நேரே உள்ளே போய், நனைந்து காய்ந்து சுருங்கிய நோட்டை மேசைமேல் வைத்தேன்.

"தொர, நான் எழுதிக் குடுத்தது தப்புங்க. ஏழு பேர் இல்ல. இருவத்தாறு."

துரை நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"போன சனிக்கிழமை ஏழு. இன்னிக்கி இருவத்தாறு. ஆறு நாள்ல பத்தொம்பது பையன் முளைச்சானா?"

"நான் சாயங்காலம் பாத்தேங்க. சாயங்காலம் அவங்க களைச்சிப் போயிருப்பாங்க. மழையில வெட்டு இல்லாத நாள்ல பாத்தா வேற மாதிரி ஆடறாங்க."

"நானும் காலையில அஞ்சு மணிக்கி எந்திரிக்கிறேன். சாயங்காலம் டென்னிஸ் ஆடறேன். நான் களைச்சிப் போறேனா?"

"தொர மரம் வெட்டறதில்லீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. பெரிய கிராணி பேனாவைக் கீழே வைத்தது கேட்டது. என் வேலை அவ்வளவுதான் என்று நினைத்தேன். துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"சரி. அடுத்த வாரம் சனிக்கிழமை பட்டணத்துக் குழு ஒண்ண ரயில்ல வரச் சொல்றேன். உன் பையன்கள் ஆடட்டும். மொத பாதி நான் பாக்க மாட்டேன். மொத பாதியில எல்லாரும் ஓடுவான். ரெண்டாவது பாதியில கால் நிக்கணும். நின்னா திடல். நிக்காட்டி நாத்து."

"அன்னிக்கி அவங்களுக்கு மட்டும் வேலையிலேர்ந்து லீவு..."

"லீவு இல்ல. ஒரு வாளி பால்கூடக் கொறையக் கூடாது."

வெளியே வந்தேன். பாதி வெற்றி, அந்தப் பாதியால் ஒரு பயனும் இல்லை. காலையில் நானூறு மரம் வெட்டிவிட்டு மாலையில் ஆடினால், என் முதல் அறிக்கையே சரி என்று ஆகிவிடும். துரை வைத்த பரீட்சையே களைப்புக்குத்தான்.

அன்று மாலை நானாகவே குழாயடிக்குப் போனேன். நெட்டைப் பையனின் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். எனக்கு வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

அவர் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினார். "தொர என்னா சொன்னாரு? பால் கொறையக் கூடாதுன்னாரா, இல்ல அவனுங்கதான் வெட்டணும்னாரா?"

"பால் கொறையக் கூடாதுன்னுதான் சொன்னாரு."

"பின்ன என்னா? ஒரு வூட்டுல சாவுன்னா, பிள்ளப் பேறுன்னா, அந்த ஆளோட நெரைய யாரு வெட்டறது? நாங்கதானே பங்கு போட்டு வெட்டறோம்? ஆளுக்கு அம்பது மரம் கூட. அவ்வளவுதான்."

அது உண்மை. தோட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒருவரால் வர முடியாத நாளில் அவருக்குரிய மரங்களை, அதாவது அவருடைய நெரையை, பக்கத்து நெரைக்காரர்கள் பிரித்துக்கொள்வார்கள். அதை நான் எத்தனையோ முறை புத்தகத்தில் குறித்திருக்கிறேன்.

"ஆனா பந்தாட்டத்துக்கா?" என்றேன்.

"ஏன், சாவுக்கு மட்டுந்தான் சேந்துக்கணுமா? கிராணியாரே, நீங்க போயி தொரகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க. அப்பறம் திருட்டுத்தனமாச் செஞ்சாங்கன்னு யாரும் சொல்லக் கூடாது."

மறுபடியும் துரை. ஒரே வாரத்தில் இரண்டாவது முறை. ஆனால் இந்தத் தடவை அவ்வளவு பயமாக இல்லை. துரை, "பால் ஸ்டோருக்கு வந்தா சரி. யார் கை வெட்டிச்சின்னு நான் கேக்க மாட்டேன்" என்றார். மற்ற தோட்டங்களுக்கும் இந்தச் செய்தியைச் சைக்கிளில் கொண்டுபோனேன். அங்கேயும் பெண்கள்தான் முதலில் சரி என்றார்கள்.

குழுவைத் தேர்ந்தெடுக்க டிரெசர் உதவினார். பதினொரு பேரில் எட்டுப் பேர் வெட்டுக்காரர்கள். பழைய ஏழில் மூன்று பேர். அவர்களும் நல்ல ஆட்டக்காரர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தச் சனிக்கிழமை விடிந்தபோது வானத்தில் ஒரு மேகம் கிடையாது. உள்ளுக்குள் மழையை வேண்டிக்கொண்டிருந்தேன். மழை பெய்தால் யாருக்குமே கஷ்டமில்லை. பட்டை காய்ந்து கிடந்தது. பெரட்டில் எங்கள் தோட்டத்து ஐந்து பையன்கள் வரிசையில் இல்லை. அவர்கள் நெரைகளுக்கு நேரே, பிரித்துக்கொண்டவர்கள் பெயரை எழுதினேன். அந்தம்மா பெயர் இரண்டு இடத்தில் வந்தது. கத்தியைத் தீட்டியபடியே என் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"நல்லா எழுதுங்க. கோடு போட்டு அடிச்சிப்புடாதீங்க."

பட்டணத்துக் குழு பிற்பகல் ரயிலில் வந்து, தோட்டத்து லோரியில் ஏறித் திடலுக்கு வந்தது. ஜொகூர் பாரு, தம்போய் பக்கத்துப் பையன்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மவர்கள் எல்லாரும் கலந்து. எல்லார் காலிலும் பூட்ஸ். எங்களவர்கள் வெறுங்கால். ஒருவன் மட்டும் கட்டை விரலில் துணி சுற்றியிருந்தான்.

முதல் பாதியைப் பற்றி அதிகம் எழுத முடியாது. நான் பாதி நேரம் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்ஸ் காலைப் பார்த்துப் பையன்கள் ஒதுங்கினார்கள். ஐந்து தோட்டத்துப் பையன்கள் ஒரே குழுவாக ஆடுவது அதுவே முதல் முறை. ஒருவன் தருகிற இடத்தில் மற்றவன் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று கோல் விழுந்தது. சொன்னபடியே துரை வரவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

இடைவேளையில் பையன்கள் ஓடையோரம் உட்கார்ந்து முகம் கழுவினார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல் தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நின்றேன். துணி சுற்றியவன் முனகினான்.

"மூணு கோலுடா. அலமாக்! வூட்டுக்குப் போனா சாப்பாடு கெடைக்காது."

நெட்டைப் பையன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.

"என்னாடா மூணு? இப்பதான் வெட்டி முடிச்சிருக்கோம். இனிமேதானே பால் எடுக்கப் போறோம்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மரம் வெட்டுகிறவன் ஒரு நெரையை இரண்டு தடவை சுற்றுகிறான். முதல் தடவை வெட்டிக்கொண்டே போவான். கையில் ஒன்றும் வராது. இரண்டாவது தடவைதான் மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு வருவான். அந்தச் சிரிப்போடு எழுந்து போனார்கள்.

துரை வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டார். அவர் பந்தை அதிகம் பார்க்கவில்லை; கால்களைத்தான் பார்த்தார். நானும் அதையே பார்த்தேன்.

வெயில் கடுமையாக இருந்தது. பத்து நிமிடம் போனது. இருபது நிமிடம் போனது. பட்டணத்துப் பையன்கள் இடுப்பில் கை வைக்கத் தொடங்கினார்கள். பூட்ஸ் அவர்களுக்கு இப்போது சுமையாக இருந்தது. எங்களவர்கள் நிற்கவில்லை. பந்து ஒருவனிடமிருந்து ஒருவனுக்கு வந்துகொண்டேயிருந்தது. இடது பக்கம் நெட்டைப் பையன் நீண்ட அடி வைத்து ஓடினான். அவன் தள்ளிய பந்தைப் பெரிய கிராணியின் மகன் உள்ளே தட்டினான். ஒரு கோல். லயத்துப் பெண்கள் போட்ட கூச்சலில் பக்கத்து மரத்திலிருந்த பறவைகள் கிளம்பிவிட்டன. கடைசி ஐந்து நிமிடத்தில் நெட்டைப் பையனே இன்னொன்று போட்டான். பிறகு விசில்.

மூன்றுக்கு இரண்டு. தோற்றுவிட்டோம். நான் துரையைப் பார்த்தேன்.

அவர் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். பட்டணத்துக் குழுவை அழைத்து வந்திருந்த மலாய் வாத்தியார் அவரிடம் நடந்து வந்து, "துவான், அந்த உயரமான பையன் எந்தப் பள்ளி?" என்று மலாயில் கேட்டார். துரை என் பக்கம் கை காட்டி மலாயிலேயே சொன்னார்.

"பள்ளி இல்ல. மரம் வெட்டறான். கிராணியக் கேளு. அவன்கிட்ட இன்னும் பதினஞ்சி பேர் இருக்கான்."

பக்கத்தில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரம் சைக்கிள் மிதித்தபோது வராத களைப்பு அப்போது வந்தது. ஆனால் அது நல்ல களைப்பு. கட்டையின் மறு முனையில் யாரோ உட்கார்ந்திருப்பதை அப்புறம்தான் கவனித்தேன். அந்தம்மா. காலை நீட்டிக் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கைவிரல்களில் பால் கறை இன்னும் போகவில்லை. காலையிலிருந்து ஐந்நூறு மரம்.

"திடல் இருக்குமா, கிராணியாரே?"

"இருக்கும்."

"ம்." அடுத்த கெண்டைக்காலுக்குக் கையை மாற்றினார். "எம் மவன் ரெண்டாவது கோல் போட்டப்ப நல்லாத்தான் இருந்திச்சி. ஆனா கண்ணு சொருகுது. இனிமே ஆட்டம் வச்சா மழ நாளாப் பாத்து வைக்கச் சொல்லுங்க."

திங்கட்கிழமை மண்டோர் திடலிலிருந்த கம்புகளைப் பிடுங்கி, ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார். அங்கே தரை கொஞ்சம் சரிவு. மண் வெட்டிச் சமப்படுத்த வேண்டியிருந்தது. துரை அதற்கு ஆள் போட்டார். கம்பு பிடுங்கிய குழிகளைப் பையன்கள் காலால் மிதித்து மூடினார்கள்.

அறிக்கையைத் திரும்ப எழுதிக் கொடுக்கச் சொன்னார் துரை. புது நோட்டு எடுத்துக் கோடு போட்டேன். இந்தத் தடவை வரிக்கு ஐந்து கட்டம். ஓட்டத்துக்கும் முன்னால், முதல் கட்டத்தின் தலையில் எழுதினேன்: இன்று காலை எத்தனை மரம்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் ஐந்து தோட்டத்துப் பையன்களையும் பார்த்து எழுதும் வேலை என்னிடமே இருந்தது. பந்தை நான் இன்னும் காலால் தொட்டதில்லை. ஆனால் மழை பெய்த காலையில் மண்டோர் மரத்தில் உள்ளங்கையை வைக்கும்போது, பெரட்டில் நிற்கும் பையன்களோடு சேர்ந்து நானும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "வெட்டு இல்ல" என்று அவர் சொன்னதும் அவர்கள் ஓடுவார்கள். நான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு பின்னால் நடப்பேன்.